கீழ் அறையில் திரை இருண்டபோது



இப்பக்கத்தில் வழக்கமாகக் குடும்ப ஜெபத்தைக் குறித்தும், பிள்ளை வளர்ப்பைக் குறித்தும், பட்டணத்து வாழ்க்கையின் போராட்டங்களைக் குறித்தும் எழுதிவருகிறேன். இந்த மாதம், எங்கள் சபைக் கட்டடத்தின் மூலையில் இரும்பு அலமாரிக்குள் இருக்கும் ஒரு பெட்டியைக் குறித்து எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பெட்டியின் நிமித்தம் நான் ஒரு வாலிபனை அநியாயமாய்க் கடிந்துகொண்டேன். அதை அறிக்கையிடாமல் வேறொன்றை எழுத என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

எங்கள் சபை மும்பையின் புறநகர் ஒன்றில் இருக்கிறது. மேல்மாடியில் ஆராதனை நடக்கும். படியேற இயலாத தாய்மார்களும், கைக்குழந்தையோடு வருகிறவர்களும் தரைத்தளத்து அறையில் அமர்ந்து, அங்குள்ள தொலைக்காட்சித் திரையில் ஆராதனையைக் காண்பார்கள். மேல்மாடிக் கேமரா, பாடல் வரிகளும் வசனங்களும் காட்டும் கணினி, பிரசங்கியாரின் மடிக்கணினி ஆகியவற்றிலிருந்து படங்கள் அந்தப் பெட்டிக்குள் செல்கின்றன. பெட்டியிலிருந்து மேல்மாடி புரொஜெக்டருக்கும், கீழ் அறைத் தொலைக்காட்சிக்கும், இணையத்தில் ஒளிபரப்பும் கணினிக்கும் வெளியே வருகின்றன. எந்தப் படம் எந்தத் திரைக்குப் போகவேண்டும் என்று திருப்பிவிடுவதே அதன் வேலை. ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றுவதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மேட்ரிக்ஸ் ஸ்விட்சர் என்கிறார்கள்.

அதை நிறுவிக் கொடுத்தவன் எங்கள் சபை வாலிபன். வாரநாட்களில் பெரிய அலுவலகங்களின் கூட்ட அறைகளில் இத்தகைய கருவிகளைப் பொருத்துவதே அவன் பிழைப்பு. சபைக்கு ஒரு ரூபாயும் கூலி வாங்காமல் செய்தான். ஒரு சிறு கணினித் திரையில் பொத்தான்களை அமைத்து, அதைத் தொட்டால் பெட்டி கீழ்ப்படியும்படி நெட்வொர்க் வழியாக இணைத்திருந்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டாய் அழுத்திவிடாதபடி, பெட்டியின் முன்பக்கப் பொத்தான்களைப் பூட்டியும் வைத்திருந்தான். எல்லாம் முடிந்தபோது, “பாஸ்டர், இதன் விவரங்களை ஒரு நோட்டில் எழுதி உங்களிடம் தந்துவிடுகிறேன்” என்றான். “அதெல்லாம் எனக்கெதற்குத் தம்பி, நீ இருக்கிறாயே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் முதல் தவறு அதுவே.

புனித வெள்ளிக்கு முந்திய நாள் மாலையில், இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் ஆள் வந்து, பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். வேகம் கூடும் என்றார். நானும் மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டேன். அந்த வாலிபனுக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் ஆராதனை தொடங்கியது. கீழ் அறைத் தொலைக்காட்சியில் சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு மட்டும் நின்றது. புதன்கிழமை சகோதரிகள் கூட்டத்திற்காக அந்தத் திரையை ஒரு சகோதரியின் மடிக்கணினிக்குத் திருப்பியிருந்தோம். திருப்பியது திருப்பியபடியே இருந்தது. பொத்தான் திரையை எத்தனை முறை தொட்டும் பெட்டி அசையவில்லை. அந்த வாலிபனோ அலுவலக வேலையாய்ப் புனேவுக்குப் போயிருந்தான். தொலைபேசியில் அழைத்தேன். பக்கத்தில் மூப்பர்கள் நிற்க, உரத்த குரலில், “உன் வேலையை நம்பினதற்கு இதுவா பலன்?” என்று கேட்டேன். அவன் அமைதியாய், “பாஸ்டர், ரவுட்டரை யாராவது மாற்றினார்களா?” என்றான். “சாக்குச் சொல்லாதே” என்று இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

ஒலிபெருக்கி வேலை செய்தபடியால் கீழே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆராதனை முடிந்து கீழே இறங்கியபோது ஒரு வயதான தாயார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு ரயில் மாறி வருகிறவர்கள். “பாஸ்டர், எனக்குக் காது மந்தம். திரையில் எழுத்து வந்தால்தான் நீங்கள் என்ன பாடுகிறீர்கள், எந்த வசனம் வாசிக்கிறீர்கள் என்று தெரியும். இன்றைக்கு மூன்று மணிநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்” என்றார்கள். அவர்கள் முறையிடவில்லை. நடந்ததைச் சொன்னார்கள், அவ்வளவே. எனக்குப் பதில் வரவில்லை.

சனிக்கிழமை மாலை புனேயிலிருந்து வந்த வாலிபன், வீட்டுக்கும் போகாமல் நேராகச் சபைக்கு வந்தான். பையிலிருந்து ஒரு மடிக்கணினியையும், யு.எஸ்.பி. முனையைச் சீரியல் முனையாக மாற்றும் ஒரு கம்பியையும் எடுத்தான். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். அன்று அவனிடம் கற்றதை உங்களுக்கும் சொல்லுகிறேன். உங்கள் சபையிலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். அல்லது உங்கள் வீட்டுப் பிள்ளை இதே தொழிலைச் செய்துகொண்டிருக்கலாம்.

இத்தகைய பெட்டிக்கு வெளியிலிருந்து கட்டளையிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நெட்வொர்க் வழி. மற்றொன்று சீரியல் வழி. நெட்வொர்க் வழி வசதியானது, தூரத்திலிருந்தும் பேசலாம். ஆனால் பேச வேண்டுமானால் முகவரி தெரியவேண்டும், இரு பக்கமும் ஒரே வரிசையில் இருக்கவும் வேண்டும். சீரியல் வழி மிகவும் பழையது. ஆர்.எஸ்.-232 என்னும் அதன் விதிமுறை அமெரிக்காவில் 1960-இல் வெளியானது. தொலைத்தட்டச்சு இயந்திரங்களையும் மோடம்களையும் இணைப்பதற்காக ஏற்பட்டது. இன்றும் ஸ்விட்சர்களிலும் புரொஜெக்டர்களிலும் அது இருக்கிறது. காரணம் எளியது. அதற்கு முகவரி வேண்டியதில்லை. அனுப்ப ஒரு கம்பி, பெற ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவான தரைக்கம்பி ஒன்று. இந்த மூன்றும் சரியாய் இருந்தால் போதும்.

வாலிபன் கம்பியைச் செருகி, “நீ யார்?” என்று விசாரிக்கும் கட்டளையை அனுப்பினான். திரையில் பதிலுக்கு அர்த்தமற்ற கிறுக்கல்கள் வந்தன. பெட்டியே பழுதாகிவிட்டதென்று நான் பயந்தேன். அவனோ சிரித்து, “இல்லை பாஸ்டர், பதில் வந்துவிட்டது. நாம் கேட்கும் வேகம்தான் தவறு” என்றான். அவனுடைய மடிக்கணினி, முந்திய இடத்தில் செய்த வேலைக்காக நொடிக்கு 1,15,200 பிட் என்ற வேகத்தில் வைக்கப்பட்டிருந்தது. எங்கள் பெட்டியோ 9,600 வேகத்தில் பேசுவது. இந்த வேகத்திற்கு பாட் ரேட் என்று பெயர். தந்தித் துறையில் உழைத்த எமில் பாடோ என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் பெயரால் அது வழங்கப்படுகிறது.

வேகத்தோடு இன்னும் மூன்று காரியங்கள் ஒத்திருக்க வேண்டும். ஓர் எழுத்துக்கு எத்தனை டேட்டா பிட், பிழை சோதிக்கும் பாரிட்டி உண்டா இல்லையா, முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட் எத்தனை என்பவையே அவை. பெரும்பாலான கருவிகளில் 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று இருக்கும். தொடக்கத்தைக் காட்டும் ஒரு பிட்டையும் சேர்த்தால் ஓர் எழுத்துக்கு 10 பிட். ஆகவே 9,600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் செல்லும். படத்தை அனுப்ப இது போதாது. ஆனால், “இரண்டாம் படத்தை மூன்றாம் திரைக்குக் கொடு” என்று சொல்ல இது தாராளம். எக்ஸ்ட்ரான் நிறுவனத்தின் மேட்ரிக்ஸ் கருவிகளில் அந்தக் கட்டளை 2*3! என்ற நான்கே குறிகளில் அடங்கிவிடும்.

வேகத்தை 9,600 என்று மாற்றியவுடன் பெட்டி தன் பெயரையும் மாதிரி எண்ணையும் தெளிவாய்ச் சொல்லிற்று. அடுத்த கட்டளையில் கீழ் அறைத் திரை ஒளிர்ந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் எங்களுக்குக் கிடைக்காதது, ஒரு கம்பியினால் ஒரு நிமிடத்திற்குள் கிடைத்தது. அந்தக் கம்பியும் அதைப் பயன்படுத்தும் விதமும் எழுதப்பட்டுச் சபையிலேயே இருந்திருந்தால், நான் ஆராதனைக்கு நடுவே புனேவுக்குத் தொலைபேசியில் கத்தியிருக்க வேண்டியதில்லை.

பின்பு அவன் பெட்டியிடமே அதன் முகவரியைக் கேட்டான். 192.168.1.50 என்றது. புதிய ரவுட்டரைப் பார்த்தான். அதன் முகவரி 192.168.0.1. காரணம் வெளியாகிவிட்டது.

மும்பையில் வரிசை வீடுகளைச் சால் என்றும், அதிலுள்ள ஒவ்வோர் அறையையும் கோலி என்றும் சொல்லுகிறோம் அல்லவா? ஐ.பி. முகவரியும் அப்படியே. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால், முகவரியின் முதல் மூன்று எண்கள் சாலின் பெயர், கடைசி எண் கோலியின் எண். ஒரே சாலில் இருக்கிறவர்கள் நேரடியாய்ப் பேசிக்கொள்வார்கள். பழைய ரவுட்டர் இருந்தபோது எல்லாரும் 192.168.1 என்ற சாலில் இருந்தார்கள். எங்கள் பொத்தான் கணினி, ரவுட்டர் கொடுக்கும் முகவரியைத் தானாகப் பெற்றுக்கொள்வது. ஆகையால் புதிய ரவுட்டர் வந்ததும் அது 192.168.0 என்ற சாலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பெட்டிக்கோ நிலையான முகவரி கொடுக்கப்பட்டிருந்தது. அது பழைய சாலிலேயே நின்றது. இரண்டும் ஒரே அலமாரியில் ஒரு முழ தூரத்தில் இருந்தும் ஒன்றையொன்று காணவில்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன. பெட்டிக்குப் புதிய முகவரி கொடுக்கலாம். அப்படிச் செய்தால் புரொஜெக்டர், கேமரா, பொத்தான் கணினிக்குள் எழுதப்பட்ட முகவரி என்று ஒவ்வொன்றாய் மாற்றவேண்டும். அல்லது ரவுட்டரின் உள்முகவரியைப் பழையபடி 192.168.1.1 என்று மாற்றிவிடலாம். அவன் இரண்டாவதைச் செய்தான். தானாக வழங்கும் முகவரிகளை 100 முதல் 200 வரை என்று வரையறுத்தான். பெட்டியின் 50 என்ற எண் அதற்கு வெளியே இருப்பதால், வேறொரு கைப்பேசிக்கு அது தவறிப் போகாது. பொத்தான் கணினியை அணைத்துப் போட்டபின், தொட்டவுடன் பெட்டி கீழ்ப்படிந்தது.

அவன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, “ரவுட்டரை மாற்றினது நான்தான், தம்பி” என்றேன். “தெரியும் பாஸ்டர்” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மூப்பர்களுக்கு முன்பாக நான் கடிந்துகொண்டபடியால், மறுநாள் உயிர்த்தெழுதலின் பண்டிகை ஆராதனையில் சபைக்கு முன்பாக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்வரிசையில் கருவிகளுக்கு நடுவே நின்றவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். தனிமையில் கேட்டிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். அது அவனுக்கு நியாயமாயிருந்திராது.

அன்று அவன் எழுதிக் கொடுத்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. அதிலிருந்து, எல்லாச் சபைகளுக்கும் பயன்படக்கூடியவற்றை வரிசையாய்த் தருகிறேன்.

முதலாவது, முகவரிகளை எழுதிவையுங்கள். ஒவ்வொரு கருவியின் பெயர், ஐ.பி. முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, போர்ட் எண் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். உள் உபயோகத்திற்கென்று 1996-ஆம் ஆண்டின் விதிமுறை ஒதுக்கியவை 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளே. 169.254 என்று தொடங்கும் முகவரியை ஒரு கணினி காட்டினால், அதற்கு முகவரி கொடுப்பார் ஒருவரும் இல்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, தொழிற்சாலை வைத்து அனுப்பிய முகவரியைத் தெரிந்துவையுங்கள். எக்ஸ்ட்ரான் கருவிகள் பலவற்றில் அது 192.168.254.254. கிரேமர் கருவிகள் பலவற்றில் 192.168.1.39, போர்ட் 5000. பிளாக்மேஜிக் நிறுவனத்தின் ஏட்டெம் ஸ்விட்சர்களில் 192.168.10.240. இப்படிப்பட்ட புதிய கருவியைப் பிடிக்க, உங்கள் மடிக்கணினிக்குத் தற்காலிகமாய் அதே சாலில் வேறொரு கோலி எண்ணைக் கொடுத்து, நேரடியாய் ஒரு கம்பியால் இணைத்துப் பேசலாம். ஒரே மாதிரி இரண்டு கருவிகள் வாங்கினால் இரண்டையும் ஒரே வேளையில் இணைக்காதிருங்கள். இரண்டுக்கும் ஒரே முகவரி இருக்கும். ஒன்றை மாற்றியபின் மற்றதை இணையுங்கள். சில கருவிகள் மறுபடி தொடங்கிய பின்பே புதிய முகவரிக்கு வரும்.

மூன்றாவது, சீரியல் விவரங்களை எழுதிவையுங்கள். வேகம், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் ஆகிய நான்கையும் கருவியின் மேலேயே ஒரு சீட்டில் ஒட்டுங்கள். பழைய கருவிகளில் 9,600 அதிகம், புதியவற்றில் 1,15,200 உண்டு. ஒரு பதிலும் வராவிட்டால் கம்பியைச் சோதியுங்கள். ஒருவர் அனுப்பும் முனை மற்றவர் பெறும் முனைக்குப் போகவேண்டும். கணினியின் ஒன்பது முனை இணைப்பில் 2 பெறுவது, 3 அனுப்புவது, 5 தரை. இரு பக்கமும் ஒரே விதமாய் இருந்தால் இரண்டையும் மூன்றையும் குறுக்கே மாற்றிய கம்பி வேண்டும். பதில் வராவிட்டால் கம்பி, கிறுக்கல் வந்தால் வேகம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் நீளம் 15 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது பழைய அளவு. தூரம் அதிகமானால், படத்தோடு சீரியல் கட்டளையையும் ஒரே நெட்வொர்க் கம்பியில் 100 மீட்டர் வரை கொண்டுசெல்லும் ஹெச்.டி.பேஸ்.டி. முறை உண்டு.

நான்காவது, கட்டளையின் முடிவைக் கவனியுங்கள். கட்டளை சரியாயிருந்தும் கருவி மௌனமாயிருந்தால், முடிவில் என்டர் குறி எதிர்பார்க்கப்படுகிறதா என்று கருவியின் கையேட்டில் பாருங்கள். கிரேமர் நிறுவனத்தின் 3000 என்னும் கட்டளை முறையில் ஒவ்வொரு கட்டளையும் # குறியோடு தொடங்கி என்டர் குறியோடு முடியவேண்டும். பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு பார்க்கும் கருவிகளும் உண்டு.

ஐந்தாவது, கடவுச்சொல்லை அசட்டை செய்யாதிருங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றுங்கள். டெல்நெட் என்னும் பழைய வழியில், போர்ட் 23 ஊடாகச் செல்லும் கடவுச்சொல் மறைக்கப்படாமல் வெளிப்படையாய்ப் போகிறது. ஆகவே இக்கருவிகளை இணையத்திற்குத் திறந்துவிடக்கூடாது. விருந்தினருக்குக் கொடுக்கும் வைஃபையும் இக்கருவிகளின் நெட்வொர்க்கும் வேறாயிருக்கட்டும்.

ஆறாவது, எல்லாம் சரியாய் இயங்கும் நாளில், அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்துப் பென் டிரைவில் வையுங்கள். கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்குமுன் கட்டாயம் இதைச் செய்யுங்கள். பண்டிகைக்கு முந்திய நாள் எதையும் புதுப்பிக்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். இதை எனக்கே எழுதிக்கொண்டேன்.

ஏழாவது, இதை அறிந்தவர்கள் குறைந்தது இருவர் இருக்கட்டும். பட்டணத்துச் சபைகளில் வாலிபர்கள் நிலைத்திருப்பது அரிது. இன்று மும்பையில் இருப்பவன் நாளை பெங்களூரிலோ துபாயிலோ இருப்பான். அவன் போகும்போது அவன் அறிவும் அவனோடு போய்விட்டால், குற்றம் அவனுடையது அல்ல. எழுதி வாங்காத நம்முடையது. நோட்டில் கடவுச்சொல் இருப்பதால் அதைப் பூட்டிவைத்து, சாவி எங்கே என்பதை இருவர் அறிந்திருக்கட்டும்.

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ரவுட்டரையோ மின் இணைப்பையோ கம்பிகளையோ மாற்றுமுன், கருவிகளைக் கவனிக்கிற பிள்ளையை ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். அவன் கேள்வி கேட்டால் சாக்கு என்று தள்ளாமல் பதில் சொல்லுங்கள். என்னிடம் அவன் கேட்ட ஒரே கேள்வியில் முழுப் பதிலும் அடங்கியிருந்தது. நான்தான் கேட்கவில்லை. அன்று காது மந்தமாயிருந்தவர் அந்தத் தாயார் மாத்திரமல்ல.

இந்தப் பின்வரிசை ஊழியத்தைச் செய்யும் வாலிபச் சகோதர சகோதரிகளே, எல்லாம் நன்றாய் நடக்கும் நாளில் உங்களை ஒருவரும் நினைப்பதில்லை. ஒன்று தவறினால் எல்லாருடைய தலையும் பின்னுக்குத் திரும்பும். அதை நான் அறிந்திருந்தும் அதையே செய்தேன். நீங்கள் திருப்பிவிடும் படத்தின் முனையில், எழுத்தைக் கண்ணால் வாசித்துத் தொழுதுகொள்ளுகிற ஒருவர் இருக்கிறார். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு அரைமணி முன்பாக, ஒவ்வொரு திரையின் முன்பும் நேரில் போய் நின்று பாருங்கள். நானும் இப்போது மேடைக்கு ஏறுமுன் கீழ் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டே வருகிறேன். அந்தத் தாயார் முதல் வரிசையில், திரைக்கு நேரே அமர்ந்திருக்கிறார்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக.